அவசரப்பட்டால் நூல் சிக்கும்: கைவேலை நம்மை நிதானப்படுத்துவது எப்படி?

எம்பிராய்டரி நூலைப் பார்க்க ஒரே நூல் போலத்தான் இருக்கும். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஆறு இழைகள். தையலுக்குப் பெரும்பாலும் இரண்டு இழை போதும். அந்த இரண்டைப் பிரித்தெடுக்க ஒரு முறை இருக்கிறது. நுனியை இடது கை விரல்களால் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு இழையை மட்டும் நேராக மேலே மெதுவாக உருவ வேண்டும். மற்ற ஐந்து இழைகளும் விரலுக்குக் கீழே சுருங்கிக் குவியும். சிக்கிவிட்டது என்றே தோன்றும். ஆனால் உருவிய இழை முழுதாக வெளியே வந்ததும் குவிந்த நூலை ஒருமுறை நீவினால் நேராகிவிடும். அப்புறம் அடுத்த இழை. நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று இரண்டையும் சேர்த்துச் சட்டென்று இழுத்தால் பாதியில் முடிச்சு விழும். அந்த முடிச்சை அவிழ்க்கும் நேரத்தில் பத்து இழை பிரித்திருக்கலாம்.

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. விழுந்த முடிச்சுகளில் இருந்து கற்றுக்கொண்டேன்.

கைவேலை செய்தால் மனம் அமைதியாகும் என்று இப்போது எங்கும் சொல்கிறார்கள். வண்ணம் தீட்டும் புத்தகம், குரோஷே ஊசியும் நூலும் சேர்ந்த பெட்டி, களிமண் வகுப்பு எல்லாமே இந்தப் பேச்சோடுதான் நம்மிடம் வருகின்றன. பேச்சில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த அமைதி எங்கிருந்து வருகிறது என்று புரியாமல் இறங்கினால், அதே கைவேலை நம் நாளில் இன்னொரு அவசரமாகிவிடும். எனக்குத் தெரிந்தவரை காரணம் இரண்டு. கைவேலையின் வேகம் நம் கையில் இல்லை. கையில் இருக்கும் பொருள்தான் அதை வைக்கிறது. மனம் எப்போது நழுவிப் போனது என்பதையும் அந்தப் பொருளே காட்டிக்கொடுக்கிறது.

பொருள் வைக்கும் வேகம்

கைப்பேசித் திரைக்குச் சொந்தமாக ஒரு வேகம் கிடையாது. விரல் எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறதோ அவ்வளவு வேகமாக அதுவும் ஓடும். அமெரிக்காவில் குளோரியா மார்க் என்ற ஆய்வாளர், கணினி முன் அமர்ந்திருப்பவர்கள் ஒரு திரையில் எவ்வளவு நேரம் நிலைக்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளாக அளந்து வருகிறார். 2004-ல் அது சராசரியாக இரண்டரை நிமிடம். அண்மைக்கால அளவீடுகளில் 47 விநாடி அளவுக்கு இறங்கிவிட்டது. நமக்கு மன உறுதி போதவில்லை என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். வழுக்குகிற தரையில் காலை ஊன்றி நிற்கச் சொன்னால் யாரால் முடியும்?

களிமண் அப்படி வழுக்கிக்கொண்டு போகாது. ஒரு குவளைக்குக் கைப்பிடி ஒட்ட வேண்டும் என்றால், குவளை ஓரளவு இறுகும்வரை காத்திருக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் சுவர் சரியும். நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டினால் ஒட்டிய இடம் பிளக்கும். நடுவில் ஒரு பதம் வரும். தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் விரல் பதியாது. அந்தப் பதம் வரும்வரை நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை. மரம் செதுக்குகிறவருக்கும் இதே கதைதான். ரேகை ஓடும் திசைக்கு எதிராக உளியைத் தள்ளினால் சிம்பு சிம்பாகப் பெயரும். குரோஷேயில் நூலை இறுக்கி இறுக்கிப் பின்னினால் அடுத்த வரிசையில் ஊசி நுழையவே நுழையாது. நீர்வண்ணத்தில் முதல் பூச்சு காயும்முன் அடுத்ததைப் பூசினால் இரண்டும் கலந்து கலங்கிவிடும்.

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. மற்ற வேலைகளில் அதை அறிவுரையாகக் கேட்டுக்கொண்டு மறந்துவிடலாம். கைவேலையில் மறக்க வழியில்லை, பதறினால் அந்த நிமிடமே கண்முன் சிதறும். நிதானமாக இரு என்று நமக்கு நாமே ஆயிரம் முறை சொல்லிக்கொண்டு தோற்றுப்போகிற விஷயத்தை, அரை மீட்டர் நூல் ஒரு வார்த்தை சொல்லாமல் நடத்திக் காட்டுகிறது.

தலைக்குள் என்ன நடக்கிறது?

2010-ல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரிடம் கைப்பேசி வழியாக, நாளின் ஏதேதோ நேரங்களில், இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். வந்த பதில்களில் 46.9 சதவீதத்தில் மனம் வேறெங்கோ இருந்தது. கிட்டத்தட்ட பாதி. மனம் அலைந்துகொண்டிருந்த நேரங்களில் மக்கள் குறைந்த மகிழ்ச்சியையே சொன்னார்கள். செய்துகொண்டிருக்கும் வேலை பிடிக்காததாக இருந்தபோதும் அப்படித்தான்.

அலைகிற மனதை அடக்கி உட்கார வைப்பது கடினம். அதற்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கொடுப்பது சுலபம். இங்கேதான் கைகள் வருகின்றன. மூளையின் எந்தப் பகுதி உடம்பின் எந்த உறுப்புக்குரியது என்று வைல்டர் பென்ஃபீல்டும் எட்வின் போல்ட்ரியும் 1937-ல் வரைபடம் போட்டார்கள். அதில் முதுகு முழுவதற்கும் சிறிய இடம்தான்; கைக்கும் விரல்களுக்கும் மிகப் பெரிய இடம். உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலும் மட்டும் ஏறத்தாழ 17,000 தொடு உணர்வு நரம்பிழைகள் இருக்கின்றன. விரல் நுனியில் ஒரு நூலின் இழுவை மாறினால் அது பெரிய செய்தியாகவே மூளைக்குப் போய்ச் சேர்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் இருவரும் 1974-ல் முன்வைத்த கருத்துப்படி, அந்தந்த நேரத்து நினைவுகளை நாம் வைத்துக்கொள்ளும் இடம் சின்னது. அதில் சொற்களுக்கு ஒரு தட்டு, காட்சிக்கும் இடத்துக்கும் இன்னொரு தட்டு. ஒரு தட்டு நிறைந்தால் அதே வகையில் வேறொன்று உள்ளே வர இடமிருக்காது. 2006-ல் வந்த ஒரு சோதனையில், மனதைப் பாதிக்கும் காட்சிகள் கொண்ட படத்தைச் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். பார்த்துக்கொண்டே கையில் பிளாஸ்டிசின் மாவைப் பிசைந்து உருவங்கள் செய்தவர்களுக்கு, பின்னாட்களில் அந்தக் காட்சிகள் தாமாக வந்து கண்முன் நிற்பது குறைவாக இருந்தது. கைக்கும் கண்ணுக்கும் வேலை கொடுத்தபோது காட்சித் தட்டு நிறைந்துவிட்டது.

இது ஆய்வுக்கூடச் சோதனைதான், சிகிச்சை அல்ல. ஆனாலும் கைவேலை செய்கிற பலருக்கும் தெரிந்த ஒரு குழப்பத்துக்கு இதில் விடை இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரே மாதிரியான வரிசையைப் பின்னிக்கொண்டே போகும்போது, கை ஓடுகிறது, மனமோ பழைய சண்டையை மறுபடி முதலிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறது. அதே ஆள், மூன்று தையலுக்கு ஒருமுறை ஒன்றைத் தாண்டிப் போகும் பூவேலையில் உட்கார்ந்தால் மனம் அடங்கிவிடுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, தாண்டு என்று எண்ணும்போது சொற்களின் தட்டும் நிறைந்துவிடுகிறது. கவலை பெரும்பாலும் சொற்களாகத்தான் வருகிறது. எண்ணிக்கை ஓடும் இடத்தில் அதற்கு உட்கார நாற்காலி கிடைப்பதில்லை.

எளிய வேலைக்கும் இடம் உண்டு. ஜாக்கி ஆண்ட்ரேட் செய்த ஒரு சோதனையில் 40 பேர் சலிப்பூட்டும் தொலைபேசிப் பேச்சு ஒன்றைக் கேட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் கேட்டுக்கொண்டே தாளில் கட்டங்களையும் வட்டங்களையும் நிரப்பினார்கள். சும்மா கேட்டவர்களைவிட இவர்கள் 29 சதவீதம் கூடுதலாக நினைவு வைத்திருந்தார்கள். கைக்குச் சின்ன வேலை இருந்ததால் மனம் பகல்கனவுக்குள் முழுதாக இறங்கவில்லை என்பது ஒரு விளக்கம். கூட்டத்தில் பின்னல் போட்டுக்கொண்டே கேட்பவரைப் பார்த்து, கவனிக்கவில்லை என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தவறு அடிக்கும் மணி

உளவியலில் இரண்டு சொற்களை இங்கே அடிக்கடி போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று 'ஃப்ளோ'. 1970-களில் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி விளக்கியது. வேலையின் கடினமும் நம் திறமையும் சரியாகப் பொருந்தும்போது, நேரம் போவதே தெரியாமல், 'நான்' என்பதே மறந்து வேலைக்குள் கரைந்துபோவது. இன்னொன்று மைண்ட்ஃபுல்னஸ். ஜான் கபாட்-ஜின் 1979-ல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நோயாளிகளுக்கான எட்டு வாரப் பயிற்சியாக இதைத் தொடங்கினார். இப்போது நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல், தெரிந்தே கவனிப்பது. முதலாவதில் நாம் தொலைந்து போகிறோம். இரண்டாவதில் விழித்திருக்கிறோம். இரண்டும் ஒன்றல்ல.

கைவேலை இவ்விரண்டுக்கும் நடுவே போய்வருகிறது. அதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். கண்ணை மூடி மூச்சைக் கவனித்து உட்காரும்போது, மனம் நழுவினால் சொல்ல ஆளில்லை. பத்து நிமிடம் கழித்துத் திடுக்கிட்டு, 'அடடா, எங்கே போய்விட்டேன்' என்று திரும்புகிறோம். கையில் வேலை இருந்தால் அப்படி இல்லை. வரிசைக்கு நாற்பது தையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் எண்ணிப் பார்த்தால் முப்பத்தெட்டு. எங்கோ இரண்டு இடத்தில் மனம் வெளியே போயிருக்கிறது. விரலை வரிசையின் மேல் ஓட்டினால் அந்த இடமும் தெரியும்.

என்னிடம் ஒரு கைக்குட்டை இருக்கிறது. நான்கு ஓரத்திலும் பச்சை நூலில் ஓடுதையல். மூன்று ஓரம் சீராக இருக்கும். நான்காவது ஓரத்தில், மூலையிலிருந்து நான்கு விரல் தள்ளி, தையல்கள் நெருங்கி நெருங்கி, துணியே சுருங்கியிருக்கும். அங்கே ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கோபத்தோடு பேசி முடித்துவிட்டு ஊசியை எடுத்தேன். கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் தைத்தேன். துணி அப்படிச் சொல்லவில்லை. பின்னல் போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மனம் இறுகினால் நூலும் இறுகும். ஒரே ஆள், ஒரே ஊசி, ஒரே நூல். ஆனால் திங்கட்கிழமை போட்டதும் ஞாயிறு போட்டதும் ஒரே அகலத்தில் இருக்காது.

அப்புறம் பிரிப்பது. புதிதாகக் கற்பவர்களை அழவைப்பது இதுதான். ஒரு மணி நேரம் போட்டதை ஒரே இழுப்பில் பிரிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் நிதானத்தைக் கற்றுக்கொள்ளும் இடமும் இதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிரித்த நூல் வீணாவதில்லை. கொஞ்சம் சுருண்டிருக்கும், ஆவி காட்டினால் நேராகும், மறுபடி பின்னலாம். வாழ்க்கையில் செய்த தவறுகளில் எத்தனையை இப்படிப் பிரித்து மறுபடி போட முடிகிறது? தவறைக் கண்டதும் நெஞ்சில் எழும் எரிச்சலைப் பார்த்துக்கொண்டே, கையை மட்டும் மெதுவாக நகர்த்தி, ஒவ்வொரு கண்ணியாக அவிழ்த்துப் பாருங்கள். தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது என்று எழுதிவைத்திருப்பதன் பொருள் அங்கே விரலுக்குப் புரியும்.

மருத்துவமனைக்குள் வந்த ஊசியும் நூலும்

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நரம்புத் தளர்ச்சி என்று வருபவர்களுக்கு அமெரிக்க மருத்துவர் வெயர் மிட்செல் பரப்பிய 'ஓய்வுச் சிகிச்சை' வழக்கத்தில் இருந்தது. வாரக்கணக்கில் படுக்கை. படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, தைக்கவும் கூடாது. ஹெர்பர்ட் ஹால் என்ற மருத்துவர் இதற்கு நேர்மாறாக யோசித்தார். மசாசூசெட்ஸ் மாநிலத்தின் மார்பிள்ஹெட் ஊரில் 1904-ல் அவர் கைவினைக் கூடம் தொடங்கினார். நெசவு, மண்பாண்டம், மரச் செதுக்கு. நோயாளிகளுக்கு ஓய்வு தேவை என்பதை அவர் மறுக்கவில்லை. சும்மா கிடக்கும் மனம் ஓய்வெடுப்பதில்லை என்பதைக் கண்டுகொண்டார். அந்தக் கூடத்தின் மண்பாண்டப் பிரிவு சில ஆண்டுகளில் சிகிச்சையிலிருந்து பிரிந்து தனி வணிகமாகிவிட்டது. இந்தச் செய்தியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1910-ல் சூசன் ட்ரேசி என்ற செவிலியர், படுக்கையில் இருக்கும் நோயாளிகளுக்கு என்னென்ன கைவேலை தரலாம் என்று ஒரு நூலே எழுதினார். 1917-ல் நியூயார்க் மாநிலத்தில் இத்துறைக்கென ஒரு சங்கம் உருவானது. இன்று மருத்துவமனைகளில் இருக்கும் ஆக்குபேஷனல் தெரபி, அதாவது வேலை கொடுத்தே நோயாளியைத் தேற்றும் சிகிச்சை, இந்த வழியில் வந்தது. முதல் உலகப் போர் இதை வேகமாகப் பரப்பியது. காயம்பட்டுத் திரும்பிய வீரர்கள் எம்பிராய்டரி கற்றுக்கொண்டார்கள். லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயத்தின் பலிபீடத்துக்கு ஒரு பூவேலைத் திரை இருக்கிறது. 1919-ல் நடந்த நன்றி வழிபாட்டுக்காக, நூற்றுக்கும் மேற்பட்ட காயமடைந்த வீரர்கள் ஆளுக்கொரு பகுதியாகத் தைத்தது. துப்பாக்கி பிடித்த கைகள் ஒரு பூவின் இதழை நிரப்பிக்கொண்டு அமர்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம்?

2013-ல் வெளியான ஓர் ஆய்வு, பின்னல் போடும் 3,545 பேரிடம் இணையம் வழியாகக் கேட்டது. அடிக்கடி பின்னுகிறவர்கள் கூடுதல் அமைதியையும் மகிழ்ச்சியையும் சொன்னார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பின்னலை விரும்புகிறவர்கள். பிடிக்காமல் விட்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. 2016-ல் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேருக்கு 45 நிமிடம் களிமண், தாள், வண்ணப் பேனா என்று கொடுத்து, முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பழக்கம் இருந்தவர், இல்லாதவர் என்ற வேறுபாடு பெரிதாக இல்லை. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அதே 45 நிமிடம் வேறு எதையாவது செய்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. 2024-ல் ஹெலன் கீஸ் குழுவினர் பிரிட்டனின் 7,182 பேரின் கணக்கெடுப்பு விவரங்களை ஆராய்ந்தபோது, கலையும் கைவினையும் செய்கிறவர்கள் வாழ்வில் பொருள் இருப்பதாகக் கூடுதலாக உணர்வது தெரிந்தது. வயது, உடல்நலம், வேலை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் அது நிலைத்தது. கைவேலையால்தான் அந்த உணர்வு வந்ததா, அந்த உணர்வு உள்ளவர்கள் கைவேலைக்கு வருகிறார்களா என்பதை இத்தகைய கணக்கெடுப்பு பிரித்துச் சொல்லாது.

ஆக, கைவேலை மனச்சோர்வைக் குணமாக்கும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், நாட்கள் இருண்டு கிடந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஊசியும் நூலும் அதற்குப் பக்கத்துணையாக இருக்கட்டும்.

எங்கே தவறிப்போகிறது

மார்பிள்ஹெட்டின் மண்பாண்டப் பிரிவுக்கு நடந்தது நம் ஒவ்வொருவருக்கும் நடக்கக்கூடியது. ஒரு குழந்தை பிறக்கப்போகிறது என்று தெரிந்து தொப்பி ஒன்று பின்னத் தொடங்கினேன். முதல் வாரம் இரவில் அந்த அரைமணி நேரத்துக்காகவே காத்திருப்பேன். பிறகு தேதி நெருங்கியது. 'இன்றைக்குப் பத்து வரிசை' என்று கணக்கு வைத்தேன். ஏழு வரிசையில் நின்ற இரவு படுக்கும்போது குற்ற உணர்வு. தொப்பி நன்றாகத்தான் வந்தது. ஆனால் கடைசி வாரத்தின் ஒரு தையல்கூட எனக்கு நினைவில்லை. அதே நூல், அதே ஊசி, அதே கை. இலக்கு வந்ததும் வேகம் வைக்கும் உரிமை நூலின் கையைவிட்டுப் போய்விட்டது.

முடித்ததைப் படமெடுத்துப் போடுவதிலும் இந்த ஆபத்து உண்டு. படத்துக்காகச் செய்யத் தொடங்கினால், தைக்கும்போதே மனம் வேறொருவரின் கண்ணால் பார்க்க ஆரம்பித்துவிடும். விற்பனைக்குச் செய்வது தவறே இல்லை. கைத்தொழிலால் வாழ்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் தொழிலாகச் செய்வதையும் இளைப்பாறச் செய்வதையும் ஒரே துணியில் வைத்துக்கொள்ள வேண்டாம். யாருக்கும் தராத, யாருக்கும் காட்டாத ஒரு துண்டுத் துணி தனியாக இருக்கட்டும்.

எந்தக் கைவேலை என்பது அவ்வளவு முக்கியமில்லை. ஆனால் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைப் பாருங்கள்: மனம் ஓடிக்கொண்டே இருக்கிறதா, களைத்துக் கிடக்கிறதா? ஓடுகிற மனதுக்கு எண்ணிக்கை உள்ள வேலை சரி. கட்டம் பார்த்துத் தைக்கும் கிராஸ் ஸ்டிச், பூவேலைப் பின்னல், மடிப்பு மாறாமல் மடிக்க வேண்டிய ஓரிகாமி. களைத்த மனதுக்கு எண்ணிக்கை பாரமாகும். அதற்கு ஓடுதையலோ, களிமண்ணை உருட்டி உருட்டிக் கயிறாக்குவதோ போதும். ஹெர்பர்ட் பென்சன் என்ற இதய மருத்துவர், உடல் தளர்ந்து இளைப்பாற 1975-ல் நான்கு விஷயங்களைச் சொன்னார். பின்னாளில், அவற்றில் இரண்டே அவசியம் என்றார். திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல் அல்லது அசைவு. நடுவில் எண்ணம் வந்தால் சண்டை போடாமல் அதை விட்டுவிட்டு மறுபடி அசைவுக்குத் திரும்புவது. ஓடுதையல் இதற்கு அளவெடுத்தது போல இருக்கும்.

நேரம் இருபது நிமிடம் போதும். கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். வரிசை முடிந்த இடத்தில் நிறுத்தாமல், வரிசையின் நடுவில் நிறுத்திப் பழகுங்கள். முடிக்க வேண்டும் என்ற துடிப்பு எவ்வளவு வலுவானது என்று அப்போது தெரியும். தோள் காதுவரை ஏறியிருக்கிறதா, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறோமா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு அவ்வளவுதான், எடுத்து வைத்துவிடுங்கள்.

நூலின் நீளமும் ஒரு விஷயம். அடிக்கடி ஊசி கோர்க்க அலுத்துக்கொண்டு நீளமாக வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள். ஒரு முழம் போதும். அதற்கு மேல் போனால் நூல் ஒவ்வொரு முறையும் துணிக்குள் உரசி நைந்து, முறுக்கேறி, தானாகவே கண்ணி விழும்.

ஒரு முழத்திலும் கொஞ்சம் முறுக்கேறத்தான் செய்யும். இருபது முப்பது தையலுக்குப் பிறகு நூல் சுருண்டுகொண்டு வர மறுக்கும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். துணியைத் தலைகீழாகப் பிடித்து ஊசியைக் கைவிடுங்கள். அது நூலில் தொங்கியபடி ஒரு பக்கமாக வேகமாகச் சுழலும். பிறகு மெதுவாக. பிறகு எதிர்ப்பக்கம் ஒன்றிரண்டு சுற்று. நின்றுவிடும். அதன்பின் மறுபடி தைக்கலாம்.